அந்த ஒரு வார்த்தையை எழுதியவன் நான்தான்

போன வாரம் அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் உங்களில் ஒருவரைப் பார்த்தேன். நிருபர் வேலைக்குச் சேர்ந்து ஏழெட்டு மாதம் ஆகியிருக்கும். முகம் செத்துப்போய் இருந்தது. அவர் எழுதிய ஒரு விபத்துச் செய்தி தப்பாகிவிட்டதாம். இறந்தவரின் தம்பி போனில் கூப்பிட்டு வாய்க்கு வந்தபடி பேசியிருக்கிறார்.

"போலீஸ்ல சொன்னதத்தான சார் எழுதுனேன். என் மேல என்ன தப்பு இருக்கு?" என்று கேட்டார்.

"டீ ஆறுது, குடிங்க" என்று மட்டும் சொன்னேன். ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் சொல்லக்கூடிய பதில் அல்ல அது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். அவருக்கு மட்டுமல்ல, உங்கள் எல்லோருக்கும்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: முப்பது வருஷத்துக்கு மேல் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரச் செய்திகளை ஒரு நாளிதழுக்கு எழுதியவன். எங்கள் குடும்பத்தில் அண்ணன்மார் இருவரும் ஜவுளிக்கடை, நான் மட்டும் பேப்பர். ஊரில் எல்லோருக்கும் நான் 'பேப்பர் பாய்'. அலுவலகம் என்று தனியாக ஒன்றும் கிடையாது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு ஜெராக்ஸ் கடையின் ஓரத்தில் ஒரு மேசை, ஒரு நாற்காலி. மழை பெய்தால் எத்தனை மில்லிமீட்டர், கண்மாய் நிறைந்ததா, பருத்தி என்ன விலை, எந்தக் கோயிலில் கொடியேற்றம், எந்தப் பள்ளிவாசலில் கந்தூரி, எந்த வளைவில் லாரி கவிழ்ந்தது. இவைதான் என் செய்திகள். தலைப்புச் செய்தி எழுதியதில்லை. ஆனால் இந்த வட்டாரத்தில் ஒரு மனிதரின் பெயர் வாழ்நாளில் ஒரே ஒரு தடவை பேப்பரில் வரும் என்றால் பெரும்பாலும் அதை எழுதியவன் நான்தான். அப்படி எழுதிய ஒரு பெயரைப் பற்றித்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

திருச்சுழிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். பெயர் வேண்டாம், அங்கே இப்போதும் அதே ஆட்கள் இருக்கிறார்கள். அந்த ஊரின் குடிநீர்த் தொட்டிக்குப் பெருமாள்சாமி என்பவர் ஆபரேட்டர். மோட்டார் போடுவது, வால்வு திறப்பது, மாதம் இரண்டு தடவை தொட்டிமேல் ஏறிக் கழுவி பிளீச்சிங் பவுடர் போடுவது அவர் வேலை. அந்தப் பக்கத்துத் தண்ணீர் உப்பு. இரும்பு எதுவாக இருந்தாலும் தின்றுவிடும். ஆடி மாதத்தில் ஒரு நாள் காலை பத்து மணிக்கு, பவுடர் வாளியோடு ஏறிக்கொண்டிருந்தவர் பாதி உயரத்திலிருந்து விழுந்து இறந்துபோனார்.

அன்று எனக்கு அமைச்சர் நிகழ்ச்சி, ஒரு பள்ளி விழா, மல்லாங்கிணறில் ஒரு சாலை மறியல். ஸ்டேஷனுக்குப் போன் போட்டேன். எடுத்தவர் விவரம் சொன்னார். கடைசியில், "குடிச்சிருந்திருப்பான் போல பாய். ஊர்ல அப்படித்தான் சொல்றாக" என்றார்.

'போல' என்றார். 'ஊர்ல சொல்றாக' என்றார். நான் இரண்டையும் விட்டுவிட்டேன். 'குடிபோதையில் தொட்டியில் ஏறிய ஆபரேட்டர் தவறி விழுந்து பலி' என்று ஐந்து வரி எழுதி அனுப்பிவிட்டு மறியலுக்குக் கிளம்பிவிட்டேன். எழுதி முடிக்க நான்கு நிமிஷம் ஆகியிருக்காது.

ஐந்தாவது நாள் ஒரு பெண் ஜெராக்ஸ் கடைக்கு வந்தார். நாற்பது வயதுக்குள் இருக்கும். கையில் மஞ்சள் பை. கடைக்காரர் என்னைக் கைகாட்டினார்.

"நீங்கதான் பேப்பர்காரவுகளா?"

"ஆமாம்மா, உக்காருங்க."

அவர் உட்காரவில்லை. பையிலிருந்து மடித்த பேப்பரை எடுத்து மேசையில் விரித்தார். "இத வாசிங்க" என்றார்.

யாராவது எழுத்துத் தெரியாதவர் வாசித்துச் சொல்லக் கேட்டு வருவது எனக்குப் பழக்கம்தான். வாசிக்க ஆரம்பித்தேன். முதல் வரியிலேயே நாக்கு நின்றது.

"ஏன் நிறுத்திட்டீக? எனக்கு வாசிக்கத் தெரியும். நீங்க வாசிச்சு நான் கேக்கணும்னுதான் வந்தேன். அந்த ஒரு வார்த்தைய வாசிங்க."

வாசித்தேன்.

"இத யாரு பார்த்தது?"

"ஸ்டேஷன்ல சொன்னாங்கம்மா."

"நேத்து ஸ்டேஷனுக்குப் போனேன். பேப்பர்லயே வந்திருச்சேம்மாங்கிறாக. ஒன்றிய ஆபீசுக்கு மனுக் குடுக்கப் போனேன். அங்க இந்தப் பேப்பர வெட்டி பைல்லயே சேத்து வச்சிருக்காக. இங்க வந்தா நீங்க ஸ்டேஷனக் காட்டுறீக. அப்ப நான் யாருட்டப் போயிக் கேக்க?"

அவர் பெயர் சண்முகத்தாய். பெருமாள்சாமியின் மனைவி. உண்மையில் அந்த நிமிஷம் வரைக்கும், என் செய்தியை யாரும் கோப்பில் சேர்ப்பார்கள் என்று நான் நினைத்ததே இல்லை. மறுநாள் வடை மடிக்கப் போகும் தாள் என்றுதான் நாங்களே எங்களைக் கேலி செய்துகொள்வோம்.

"அவுக வெத்தல பாக்குகூடப் போட மாட்டாக" என்றார். "அத விடுங்க. குடிச்சவுகளாவே இருந்தாலும் அன்னைக்குக் குடிச்சாகளான்னு என்னைய ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல? எங்க வீடு பஸ்ஸு நிக்கிற இடத்துக்கு எதுத்தாப்புலதான் இருக்கு. எவுககிட்டக் கேட்டாலும் சொல்லுவாக."

அவர் அழவில்லை. அழுதிருந்தால் நான் ஆறுதல் சொல்லி, தண்ணீர் வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்திருப்பேன். எனக்கு அது பழகிய வேலை. அவர் பேப்பரை என் பக்கம் தள்ளிவிட்டு, "இத மாத்திக் குடுங்க. திரும்ப வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாளே அந்தக் கிராமத்துக்குப் போனேன். செய்தி எழுதியபோது போயிருக்க வேண்டிய ஊர். எழுதி ஆறு நாள் கழித்துப் போனேன்.

மோட்டார் ரூம் கதவில் என் செய்தியை வெட்டி ஒட்டியிருந்தார்கள். பசை போட்டு, நாலு மூலையும் படியும்படி. தொட்டிக்கு ஏறும் இரும்பு ஏணி பளபளவென்று நீல வண்ணத்தில் இருந்தது. கைவைத்துப் பார்த்தேன், விரலில் ஒட்டியது. மேலே பாதி உயரத்துக்கு அப்பால் ஏழெட்டுப் படிகள் மட்டும் வேறு தடிமனில் இருந்தன. வெல்டிங் வைத்த இடம் வண்ணத்தையும் மீறித் தெரிந்தது.

அங்கிருந்து அவர் வீட்டுக்குப் போனேன். சண்முகத்தாய் தகரப் பெட்டியைத் திறந்து மூன்று தாள்களைக் கொடுத்தார். பெருமாள்சாமி ஊராட்சிக்கு எழுதிய மனுக்களின் நகல். மூன்றிலும் ஒரே விஷயம்: ஏணிப் படிகள் துருப்பிடித்து ஆடுகின்றன, மாற்றித் தர வேண்டும். மூன்றிலும் 'பெறப்பட்டது' முத்திரை. கடைசி மனு அவர் விழுவதற்கு ஒரு மாதம் முந்தையது. கையெழுத்து அவ்வளவு அழகு. பள்ளிக்கூடப் பிள்ளை கோடு போட்டு எழுதியது மாதிரி.

விழுந்ததை நேரில் பார்த்தவர் யாராவது உண்டா என்று விசாரித்தேன். நூறு நாள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அழகம்மாள் பார்த்திருக்கிறார். அவரிடம் போய்க் கேட்டேன். வாசலைக் கூட்டிக்கொண்டே, நிமிராமல் சொன்னார்: "பிடிச்ச படி கையோட வந்திருச்சு. நான் பார்த்தேன். ஆனா நான் சொன்னேன்னு எழுதிப்புடாதீக. நாளைக்கு எனக்கு வேலை அட்டையில எழுத மாட்டாக."

அந்தத் தொட்டியைப் பராமரிக்கும் ஒப்பந்தம் ஊராட்சித் தலைவரின் மச்சினர் கையில் இருந்தது. ஸ்டேஷனில் 'ஊர்ல சொல்றாக' என்றார்களே, அந்த ஊர் யார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

திரும்பி வந்து எல்லாவற்றையும் எழுதி, ஏணிப் படத்தோடு மதுரை அலுவலகத்துக்கு அனுப்பினேன். முதல் பத்தியிலேயே நமது நாளிதழில் வந்த செய்தி தவறு என்று எழுதியிருந்தேன். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. செய்திப் பிரிவின் பொறுப்பாளர் போனில் சொன்னார்: "பாய், போலீஸ் சொன்னதப் போட்டோம். அதுக்குத் திருத்தம் போட ஆரம்பிச்சா நாளைக்கு வாசல்ல வரிசை நிக்கும். விடுங்க. நல்ல மழைச் செய்தி இருந்தா அனுப்புங்க."

சண்முகத்தாய் அந்த வாரமும் வந்தார், அதற்கடுத்த வாரமும் வந்தார். "வந்திருச்சா?" என்பார். "இல்லம்மா" என்பேன். "சரி, திரும்ப வாரேன்" என்று அடுத்த பஸ்ஸுக்குப் போய்விடுவார். ஜெராக்ஸ் கடைக்காரர் ஒரு நாள், "ஒரு சாரின்னு சொல்லி முடிச்சு விடுங்க பாய்" என்றார். அவர் வீட்டுக்குப் போன அன்றே நான் சொல்லியிருந்தேன். அதற்கு அந்த அம்மா என்ன சொன்னார் தெரியுமா? "நீங்க ஊருக்கே கேக்குற மாதிரி சொன்னீக. மன்னிப்ப மட்டும் எங்காதுல சொல்றீக."

மதுரை அலுவலகத்தில் பக்கம் பார்க்கும் ஒருவர் இருந்தார். பத்தொன்பது வருஷமாக அவர் குரலை மட்டும்தான் எனக்குத் தெரியும். போனை எடுத்ததும் "டெஸ்க்" என்பார், பெயர் சொல்ல மாட்டார், நானும் கேட்டதில்லை. என் வாக்கியங்களை வெட்டி வெட்டியே எனக்கு எழுதக் கற்றுக்கொடுத்தவர். அவரிடம் புலம்பினேன்.

"திருத்தம்னு நீங்க அனுப்பினா குப்பைக்குத்தான் போகும். நடந்த சம்பவமா இருந்தா என்னால பக்கத்துல வைக்க முடியும். அந்த ஊர்ல அடுத்து என்ன நடக்கப்போகுது?"

யோசித்தேன். ஆகஸ்ட் பதினைந்துக்குப் பத்து நாள் இருந்தது.

"கிராம சபை" என்றேன்.

"போயிட்டு வாங்க" என்று வைத்துவிட்டார்.

நான் போகப்போகிறேன் என்பது எப்படியோ அங்கே தெரிந்துவிட்டது. திருச்சுழி ரோட்டில் நான் வழக்கமாக நிற்கும் டீக்கடைக்கு ஒப்பந்ததாரர் நேரிலேயே வந்தார். வெள்ளை வேட்டி, மரியாதையான பேச்சு. அவரே எனக்கு டீ சொன்னார்.

"பாய், நமக்குள்ள என்ன இருக்கு? கோயில் திருவிழான்னா மொத விளம்பரம் உங்க பேப்பருக்குத்தான் தாரோம். நீங்க டவுனு ஆளு. எங்க ஊருப் பிரச்சினைய நாங்க பார்த்துக்கிறோம்."

"நான் எழுதுனதுல உள்ள பிரச்சினை அண்ணாச்சி. அத நான்தான பார்க்கணும்."

அவர் சிரித்தார். "உங்களுக்குத் தெரியாதது இல்ல. நாங்க ஒண்ணும் சொல்ல மாட்டோம். ஆனா இளவட்டங்க இருக்கானுக. ஒரு பாய் வந்து நம்ம ஊரு சபையில நின்னு பேசுறாருன்னு எவனாச்சும் ஆரம்பிச்சு வச்சான்னா, அது வேற பக்கம் போயிரும். அப்புறம் யாரு கையிலயும் நிக்காது. உங்க அண்ணன் கடைக்கு எங்க ஊருச் சனம்தான தீபாவளிக்குத் துணி எடுக்க வருது?"

டீயை முழுசாகக் குடித்தேன். இந்த வட்டாரத்தில் நான் வருஷக்கணக்கில் கோயில் கொடியேற்றம் எழுதியவன். எத்தனையோ வீடுகளில் மொய் நோட்டில் என் பெயர் உண்டு. அந்த மனிதர் அதையெல்லாம் ஒரே வார்த்தையில் அழித்து என்னை வெளியே நிறுத்திப் பார்த்தார். பயம் வந்தது. பயத்துக்குப் பின்னாலேயே கோபம் வந்தது. இரண்டில் கோபம்தான் நின்றது.

விஷயம் கேள்விப்பட்டு பெரிய அண்ணன் அன்றைக்கே கடைக்குக் கூப்பிட்டு, போக வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டார். அவர் பயத்தில் நியாயம் இருந்தது. வீட்டில் என் மனைவி மைமூனிடம் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"அந்தம்மா எத்தன தடவ பஸ்ஸு ஏறி வந்திருக்காக?"

"நாலு தடவ."

"நீங்க ஒரு தடவ போயிட்டு வாங்க" என்றாள்.

ஆகஸ்ட் பதினைந்து. ஊராட்சி அலுவலகத்துக்கு முன்னால் சாமியானா போட்டிருந்தார்கள். கொடியேற்றி, மிட்டாய் கொடுத்து, கூட்டம் தொடங்கியபோது வெயில் ஏறிவிட்டது. இருநூறு பேருக்குக் குறையாது, பாதிக்கு மேல் பெண்கள். ஒன்றிய அலுவலகத்திலிருந்து கூட்டத்தைக் கவனிக்க ஓர் அலுவலர் வந்திருந்தார். மற்ற இரண்டு பேப்பர் நிருபர்களும் வந்திருந்தார்கள். நான் அவர்களோடு பிளாஸ்டிக் நாற்காலியில், நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தேன்.

என் திட்டம் இதுதான்: சண்முகத்தாய் எழுந்து மனுக்களைப் பற்றிக் கேட்பார். அது நடந்த சம்பவம். நான் குறித்துக்கொண்டு வந்து எழுதுவேன். நான் வாயைத் திறக்க வேண்டியிருக்காது. அப்படித்தான் நினைத்திருந்தேன். நிருபர் பேச மாட்டான், பார்ப்பான், எழுதுவான். அது நம் தொழிலின் ஒழுக்கம் என்று உங்களுக்கும் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அதற்குள் ஒளிந்துகொள்ள நல்ல இடம் இருக்கிறது என்பதை யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள்.

சண்முகத்தாய் எழுந்தார். மூன்று மனுவையும் தேதியோடு வாசித்தார். "இதுக்குப் பதில் வேணும்" என்றார்.

ஊராட்சிச் செயலர் தலைவரைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அவரு இறந்தது நமக்கும் வருத்தம்தான். ஆனா அது குடிபோதையில நடந்தது. பேப்பர்லயே வந்திருச்சு. அதனால ஏணியப் பத்தி இங்க பேச ஒண்ணும் இல்ல. அடுத்த பொருளுக்குப் போவோம்."

சண்முகத்தாய் உட்காரவில்லை. திரும்பி நேராக என்னைக் கைகாட்டினார்.

"எழுதுனவுக இந்தா உக்காந்திருக்காக. அவுககிட்டயே கேளுங்க."

இதை அவர் என்னிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. இருநூறு முகம் என் பக்கம் திரும்பியது. பக்கத்தில் இருந்த நிருபர் நண்பர் என் தொடையைத் தட்டி, "உக்காருங்க பாய், நமக்கெதுக்கு" என்று முணுமுணுத்தார். அப்போதுதான் நான் பாதி எழுந்துவிட்டிருந்தது எனக்கே தெரிந்தது. முழுசாக எழுந்தேன்.

முன்வரிசையில் ஒப்பந்ததாரரோடு வந்த ஒருவர் சத்தம் போட்டார். "வெளியூர்க்காரன் கிராம சபையில பேசக்கூடாது. ஓட்டு இருக்கிறவன்தான் பேசணும். சட்டம் தெரியுமா?"

அலுவலரும் தலையாட்டினார். சட்டப்படி அது சரிதான்.

"சரிதான் தம்பி. எனக்கு இந்த ஊர்ல ஓட்டு இல்ல" என்றேன். "இந்த ஊரு ஆளப் பத்திப் பொய் எழுதுனப்ப உனக்கு ஓட்டு இருக்கான்னு என்னைய யாரும் கேக்கல. அத அப்படியே வெட்டி மோட்டார் ரூம் கதவுல ஒட்டி வச்சீங்க. அந்தப் பொய்யச் சரி பண்ண வந்தா மட்டும் ஓட்டுக் கேக்குறீங்களா?"

கூட்டத்தில் சலசலப்பு. நான் அது அடங்கக் காத்திருக்கவில்லை. காத்திருந்தால் என் தைரியம் அடங்கிவிடும்.

"பெருமாள்சாமி குடிச்சிருந்தார்னு எழுதுனது நான்தான். நான் இந்த ஊருக்கு வரல. அவர் வீட்டுல கேக்கல. பார்த்தவுக யாரையும் விசாரிக்கல. போன்ல ஒருத்தர் 'போல'ன்னு சொன்னத நான் 'ஆமா'ன்னு எழுதிட்டேன். அதுக்கு ஆதாரம் ஒண்ணும் கிடையாது. அந்தச் செய்தி தப்பு. என் செய்தியக் காட்டி இனிமே யாரும் இந்தம்மாவ உக்கார வைக்க முடியாது. இத இந்தச் சபையோட நோட்டுல எழுதிக்கங்க."

செயலர் எழுதவில்லை. பேனாவை மூடி வைத்துக்கொண்டு, "வெளியாள் பேச்ச மினிட்டுல ஏத்த முடியாது" என்றார்.

அந்த நேரத்தில் பெண்கள் பக்கம் பின்னால் ஒருவர் எழுந்தார். அழகம்மாள். தன் பெயரை எழுதிவிடாதே என்று என்னிடம் சொன்னவர்.

"எனக்கு ஓட்டு இருக்குல்ல? நான் சொல்றேன், எழுதுங்க. ஏணிப் படி கழண்டு அவுக கையோட வந்துச்சு. என் கண்ணு முன்னால. அந்தப் படியத் தூக்கி வேலிக்கருவைக்குள்ள எறிஞ்சவுகளையும் நான் பார்த்தேன். பேரு சொல்லவா?"

பேர் சொல்லும்படி யாரும் கேட்கவில்லை. தலைவர் மைக்கைக் கையில் எடுத்து, கூட்டம் முடிந்தது, எல்லோரும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகலாம் என்றார். ஒரு பெண்ணும் அசையவில்லை. முதலில் யார் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. "எழுதுனாத்தான் கையெழுத்து" என்று ஒரு குரல் வந்தது. பிறகு வரிசை வரிசையாக அதையே சொன்னார்கள். சண்டை இல்லை, கூச்சல் இல்லை. உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். கையெழுத்துக் குறைந்தால் கூட்டம் நடந்ததாகவே கணக்கில்லை என்பது அலுவலருக்குத் தெரியும். அவர் மேலிடத்துக்கு என்ன பதில் சொல்வார்? முக்கால் மணி நேரம் வெயிலில் போனது. கடைசியில் அலுவலரே எழுந்து நோட்டைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

"சொல்லுங்கம்மா" என்றார். அழகம்மாள் சொல்லச் சொல்ல எழுதினார். மூன்று மனுக்களின் தேதியையும் எழுதினார். பெருமாள்சாமி மது அருந்தியிருந்ததாக வந்த செய்தி தவறு என்று அதை எழுதிய நிருபரே சபை முன் தெரிவித்தார் என்பதையும் எழுதினார். எழுதியதைச் சத்தமாக வாசித்தும் காட்டினார். அதன்பிறகுதான் பெண்கள் எழுந்து கையெழுத்துப் போட வரிசையில் நின்றார்கள்.

நான் கிளம்பும்போது சண்முகத்தாய் பக்கத்தில் வந்தார். நன்றி என்றெல்லாம் சொல்லவில்லை. "இனிமே நான் ஜெராக்ஸ் கடைக்கு வர வேண்டியதில்லல்ல?" என்று கேட்டார். "வேண்டியதில்லம்மா" என்றேன்.

மறுநாள் மற்ற இரண்டு பேப்பரிலும் அது வந்தது, ஒன்றில் என் படத்தோடு. எங்கள் பேப்பரிலும் வந்தது. பன்னிரண்டு வரி, ஏழாம் பக்கம். 'இந்த நாளிதழில் வெளியான செய்தி தவறு' என்று தொடங்கியது. டெஸ்க்கில் இருந்த அந்தக் குரல் சொன்ன வாக்கைக் காப்பாற்றிவிட்டது. அதற்காக அவரைச் செய்திப் பிரிவிலிருந்து எடுத்து, வரி விளம்பரங்களில் எழுத்துப் பிழை பார்க்க உட்காரவைத்தார்கள். ஓய்வு பெறும் வரை அங்கேயே இருந்தார். ஒரே ஒரு தடவை விசாரிக்கக் கூப்பிட்டேன். "இங்க பிழை அதிகம். வேலை நல்லாப் போகுது" என்றார். நான் பெயரைக் கேட்டேன். சிரித்துவிட்டு வைத்துவிட்டார்.

என்னையும் நிறுத்தினார்கள். நாளிதழின் பெயரைக் கெடுத்துவிட்டேனாம். எட்டு மாதம் அண்ணன் கடையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. தீபாவளிக்கு அந்த ஊர்ச் சனம் வராது என்று பயந்தாரே, வந்தார்கள். போன வருஷத்தைவிடக் கூடவே வந்தார்கள் என்று சொல்ல ஆசைதான். அப்படி இல்லை. எப்போதும் வருகிற அளவுக்கு வந்தார்கள்.

பிரேதப் பரிசோதனையின் ரசாயன அறிக்கை நான்கு மாதம் கழித்து வந்தது. உடலில் மது இல்லை. சண்முகத்தாய்க்குச் சேர வேண்டிய உதவி சேர்ந்தது. பள்ளிக்கூடச் சத்துணவுக் கூடத்தில் சமையல் உதவியாளர் வேலையும் கிடைத்தது. ஒப்பந்ததாரருக்கு ஒன்றும் ஆகவில்லை. வேறு தொட்டிகளுக்கும் அவரே ஒப்பந்தம் எடுத்தார். கிராம சபையில் ஒரு மனிதன் எழுந்து நின்றால் உலகம் திருந்திவிடும் என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். பெருமாள்சாமியின் பெயருக்குப் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை போனது. அவ்வளவுதான் நடந்தது. அந்த அளவுக்காகவே மறுபடியும் போய் நிற்பேன்.

ஆக, டீக்கடையில் கேட்டவருக்கு என் பதில் இது. போலீஸ் சொன்னது போலீஸின் செய்தி. அதை உங்கள் பெயரில், உங்கள் வாக்கியத்தில் எழுதிய நிமிஷம் அது உங்களுடையது. யார் சொன்னார் என்று எழுதுங்கள், 'போல' என்றால் 'போல' என்று எழுதுங்கள், எழுதுமுன் செத்தவர் வீட்டுக்கு ஒரு போன் போடுங்கள். அப்படியும் தப்பு வரும். வரும்போது மேலிடம் உங்களை மௌனமாக இருக்கச் சொல்லும். சக நிருபர் தொடையைத் தட்டுவார். ஊர்ப் பெரிய மனிதர் டீ வாங்கித் தருவார். இறந்தவரின் தம்பியுடைய போன் நம்பர் உங்களிடம் இருக்கிறதல்லவா? கூப்பிடுங்கள். திட்டினால் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு அந்த ஊருக்கு பஸ் ஏறுங்கள்.

என் கதையில் இன்னும் ஒன்று பாக்கி. துணி மடித்த அந்த எட்டு மாதம் முடிந்து என்னை மதுரை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். எனக்குப் பதிலாகப் போட்ட ஆள் நிற்கவில்லை போலிருக்கிறது. மேலாளர் அன்பாகப் பேசினார். மேசை மேல் ஒரு தட்டச்சு செய்த கடிதம். 'நிர்வாகத்தின் அனுமதியின்றி, வெளியான செய்திகளின் உண்மைத்தன்மை பற்றிப் பொது இடங்களில் கருத்துத் தெரிவிக்க மாட்டேன்' என்று இருந்தது. கீழே என் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள்.

"சம்பிரதாயம்தான் பாய். போட்டுட்டு நாளைக்கே வேலையப் பாருங்க."

எனக்கு அந்த வேலை வேண்டும். துணி மடித்து மடித்துக் கைக்கு எழுத்து மறந்துகொண்டிருந்தது. பேனாவை எடுத்து அந்த வரியின் மேல் ஒரு கோடு இழுத்தேன். அதற்குக் கீழே என் கையால் எழுதினேன்: 'நான் எழுதியது தவறென்று தெரிந்தால், எழுதியதை நம்பியவர்கள் முன்னால் எழுந்து நின்று சொல்வேன். அதற்கு யார் அனுமதியும் கேட்க மாட்டேன்.' கையெழுத்துப் போட்டு அவர் பக்கம் தள்ளினேன்.

"அடிச்சு எழுதுன கடிதம் செல்லாது பாய்" என்றார்.

"அப்ப நான் வாரேன் சார்" என்று எழுந்தேன்.

படிக்கட்டில் பாதி இறங்கியிருப்பேன். மேலேயிருந்து கூப்பிட்டார். திரும்பிப் போனேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. இழுப்பறையில் எதையோ கொஞ்ச நேரம் துழாவினார். ரப்பர் முத்திரையை எடுத்து மையில் ஒற்றி, அந்தக் கடிதத்தின் ஓரத்தில் 'பெறப்பட்டது' என்று அழுத்திக் குத்தினார்.

"திருச்சுழியில இன்னைக்கு என்ன விசேஷம்?" என்று கேட்டார்.

"போய்ப் பார்த்துட்டுச் சொல்றேன் சார்" என்றேன்.